பத்து வினாடி

அலுவலகத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஒரு நாள்கூட வகுப்பெடுத்தவள் இல்லை. திரையில் ஓடும் பாடங்களை வடிவமைப்பது அவள் வேலை. எதை முதலில் காட்டுவது, குரல் எங்கே வருவது, படம் எங்கே அசைவது, கேள்வியை எந்த இடத்தில் வைப்பது என்று கட்டம் கட்டமாக எழுதிக் கொடுப்பாள். அதை வைத்துக்கொண்டு அசைபடக்காரன் படம் செய்வான். கணினியின் மவுஸை விட்டு அவன் கை நகராது என்பதால் அவனுக்குச் சுண்டெலி என்று பெயர்.

அந்த மாதம் அவர்கள் செய்தது சர்க்கரை நோயாளிகளுக்கான பாடம். இன்சுலின் பேனாவால் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்வது எப்படி என்று பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லித்தர வேண்டும். பதினொரு மருத்துவ நிலையங்களுக்கு, பாடம் ஏற்றிய கைக்கணினிகள் புதன்கிழமை போயாக வேண்டும்.

மேலாளர் எந்தத் திட்டத்தையும் ஐந்து பெட்டியாகத்தான் பார்ப்பார். ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு. ஒரு பெட்டியில் டிக் விழுந்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

"அனுப்பறதுக்கு முன்னாடி நாலஞ்சு நோயாளிகளை வெச்சு ஒரு தடவை பாத்துடலாம் சார்," என்று அவள் கேட்டாள்.

"மதிப்பீடு கடைசிப் பெட்டி டீச்சர். போய்ச் சேரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். ஏற்கெனவே வடிவமைப்புல ஒன்பது நாள் தின்னுட்டீங்க."

அந்த ஒன்பது நாள் அவள் வாயை அடைத்துவிட்டது. செய்து, ஆளிடம் காட்டி, திருத்தி, மறுபடி காட்டித்தான் இந்த மாதிரிப் பாடங்கள் தேறும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்தாள். பாடம் புதன்கிழமை போய்விட்டது. அவள் மனசு மட்டும் ஒரு நிலையில் இல்லை. எதையோ பூட்டாமல் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியவள் போல இரண்டு நாள் நடமாடினாள்.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தானுக்குத் திங்கட்கிழமையிலிருந்து இன்சுலின் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

"நீ செஞ்ச படத்தைப் பாத்துட்டுப் போட்டுக்கிட்டா வலிக்காதுன்னு உங்க அக்கா சொன்னா," என்றார்.

"வலிக்காதுன்னு யாரு சொன்னது? வலி தெரியாதுன்னுதான் சொன்னேன்," என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

அத்தான் பாடத்தை இரண்டு முறை பார்த்தார். கடைசியில் வந்த ஐந்து கேள்விக்கும் பட்டுப்பட்டென்று சரியான விடை சொன்னார். பிறகு அவள் பையிலிருந்து தண்ணீர் அடைத்த பயிற்சிப் பேனாவையும் ஒரு பஞ்சுத் துண்டையும் எடுத்து வைத்தாள். அத்தான் கண்ணை இடுக்கிக்கொண்டு பஞ்சில் குத்தினார். பொத்தானை அழுத்தினார். ஊசியை எடுத்தார்.

ஊசி நுனியில் ஒரு துளி நின்றது. பின்னாலேயே இன்னொரு துளி மேசையில் விழுந்தது.

"இன்னொரு தடவை போடுங்க அத்தான்."

மறுபடியும் துளி. மூன்றாம் முறையும் அப்படியே.

"அழுத்தினப்புறம் எவ்வளவு நேரம் உள்ளேயே வெச்சிருக்கணும்?"

"பத்து வினாடி. அதான் கேள்வியிலேயே வந்துச்சே."

"வெச்சிருந்தீங்களா?"

"வெச்சேனே! படத்துல அந்தப் பொண்ணு வெச்ச மாதிரியேதான் வெச்சேன்."

அவள் பாடத்தைத் திறந்து அந்த இடத்துக்குப் போனாள். பத்து வினாடி பொறுங்கள் என்று குரல் சொன்னது. திரையில் இருந்த பெண் அழுத்தினாள், எடுத்தாள். கைபேசிக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். இரண்டு வினாடி. இதை அவளே நாற்பது தடவைக்குக் குறையாமல் பார்த்திருக்கிறாள். காது பத்து என்று கேட்டதால் கண்ணும் பத்து என்றே நம்பியிருக்கிறது. கேள்விக்கு வாய் பதில் சொல்லிவிட்டது. கை படத்தைத்தான் படித்திருக்கிறது.

சுண்டெலியைப் போனில் கூப்பிட்டாள்.

"நீங்கதானே எழுதினீங்க?" என்றான் அவன். "பதினேழாம் கட்டத்தைப் பாருங்க."

பார்த்தாள். 'அழுத்திய நிலையில் சற்றுப் பொறுத்து, ஊசியை எடுக்கிறாள்.' அவள் எழுத்து. கீழே அவள் கையெழுத்து.

"சற்றுன்னா எனக்கு ரெண்டு வினாடி டீச்சர். பத்து வினாடி அசையாம நின்னா படம் நின்னுபோச்சுன்னு ஜனங்க நெனைப்பாங்க."

அக்கா தட்டை வைத்துவிட்டு இரண்டு முறை கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை சத்தமில்லாமல் வேறு படத்தை ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் எத்தனை பேர், மருந்து முழுதாக உள்ளே போகாமல், எத்தனை ஊசி போட்டிருப்பார்கள்? மேசையில் அந்தத் துளி இன்னும் காயவில்லை. மேலாளரை அழைத்தாள்.

அவர் முடிவெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் கத்தரிச் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு ஆளை வெச்சு முடிவு பண்ணாதீங்க டீச்சர்."

"நாம அந்த ஒரு ஆளைக்கூட வெச்சுப் பாக்கல சார்."

"கட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான். சற்றுன்னு எழுதினதும் நான்தான்."

கத்தரி நாலைந்து முறை வெட்டியது. பிறகு அவர், "எல்லா இடத்துக்கும் போன் போடுங்க. ரெண்டு மணிக்கு மூடிடுவாங்க. முதல் ஆறு உங்களுக்கு, மீதி எனக்கு," என்றார்.

மணி பன்னிரண்டு நாற்பது. அவள் முதல் நிலையத்தை அழைத்தாள்.

"அந்தப் பெட்டியா? இன்னும் பிரிக்கவே இல்லம்மா."

தான் செய்த பாடத்தை யாரும் பார்க்கவில்லை என்று கேட்டு அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அடுத்த நாலு இடத்திலும் ஏறக்குறைய அதே பதில். ஓர் இடத்தில் சார்ஜரைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார்கள். மேலாளருக்கும் ஐந்து இடத்திலும் நல்ல பதிலே கிடைத்தது. ஆறாவது அழைப்பில் ஒரு நர்ஸ் உற்சாகமாகப் பேசினார்.

"ரொம்ப நல்ல பாடம்மா! வியாழக்கிழமையே ஆறு பேருக்குப் போட்டுக் காட்டினேன். எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு. அன்னிக்கே ஊசி ஆரம்பிச்சாச்சு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். நர்ஸ் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "லைனை வைங்க. நான் ஒவ்வொருத்தரா கூப்பிடறேன்," என்றார்.

அரை மணி நேரத்தில் ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள். ஆறாவது ஆள் தனியாக இருக்கும் ஒரு தையல்காரம்மா. கைபேசி அணைந்திருந்தது. வாடகைக் காரில் நர்ஸை ஏற்றிக்கொண்டு அவள் அந்த வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஏறிப் போய்க் கதவைத் தட்டினால் பதில் இல்லை. மறுபடி தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "காலையிலேர்ந்து வெளியில காணோமே," என்றார். உள்ளே என்னவெல்லாம் இருக்கலாம் என்று அவள் மனசு ஒவ்வொன்றாகக் காட்டியது.

உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குளியலறைக் கதவு திறந்தது. பிறகு தாழ்ப்பாள். தையல்காரம்மா தோளில் அளவுநாடாவோடு நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க, பாத்ரூம்ல இருந்தேன். நேத்துலேர்ந்து இதே வேலையாப் போச்சு. குடிக்கறதும் போறதும்."

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நாலு தண்ணீர் பாட்டில் காலியாகக் கிடந்தது. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை முந்நூற்று எண்பது. வெளியே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, "பயமில்ல. இப்ப ஒரு ஊசி போடணும், சாயங்காலம் அவர் நேர்ல பாக்கணுங்கறார்," என்றார்.

"நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?" தையல்காரம்மா டீச்சரைப் பார்த்தே கேட்டார்.

"இல்லம்மா. படத்துல இருக்கற மாதிரியேதான் பண்ணியிருக்கீங்க. படம்தான் தப்பு. அதைச் செஞ்சது நான்."

திட்டுவார் என்று நின்றாள். அவர் திட்டவில்லை. "அப்ப சரியா எப்படின்னு நீங்களே சொல்லுங்க," என்று பேனாவை எடுத்தார். அழுத்தியதும் டீச்சர் ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினாள். ஊசி வெளியே வந்தபோது நுனி உலர்ந்திருந்தது.

ஞாயிறு முழுக்கச் சுண்டெலி உட்கார்ந்து பத்து வினாடியை முழுதாக வைத்து, கூடவே எண்ணும் குரலையும் சேர்த்தான். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு, பஞ்சும் பேனாவுமாக அவள் அதே நிலையத்தில் ஐந்து நோயாளிகளோடு உட்கார்ந்தாள். நாலு பேர் சரியாகச் செய்தார்கள். ஐந்தாமவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் நாலே வினாடியில் பத்து எண்ணிவிட்டார். திரும்பிப் போய், மெதுவாக நிரம்பும் ஒரு வட்டத்தைத் திரையில் வைத்தார்கள். அதையும் கொண்டுவந்து காட்டினார்கள். பாடம் மறுபடி போனபோது பன்னிரண்டு நாள் கழிந்திருந்தது.

பாடத்தைச் செய்யச் சொல்லியிருந்த சுகாதார அலுவலகத்துக்கு மேலாளர் எழுதிய கடிதத்தில் அவள் பெயரோடு, சோதித்துப் பார்க்க மறுத்தது தான்தான் என்று தன் பெயரையும் எழுதியிருந்தார். அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அவள் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தாள்.

மறுவாரம் நர்ஸ் போனில் வந்தார். தையல்காரம்மாவுக்குச் சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கிவிட்டதாம். "அப்புறம் ஒரு விஷயம். காலில் புண் வந்தா கவனிச்சுக்கறதுக்கும் இதே மாதிரி ஒரு பாடம் செஞ்சு கொடுப்பீங்களா?"

"செய்யறேன்," என்றாள். "ஆனா ஒண்ணு. நான் ஒரு வரி எழுதறதுக்கு முன்னாடி உங்க நோயாளிங்க நாலு பேரை ஒரு மணி நேரம் என்கிட்ட விடணும்."

"நாலு என்ன, பத்துப் பேரா அனுப்பறேன். இங்க உக்காந்து சீரியல் கதைதான் பேசிட்டு இருக்காங்க," என்றார் நர்ஸ்.