லாபிரின் வாயும் கிளாக்கரின் அலுமாரியும்

அடுத்தவன் பொருளைக் கண்டால் மூக்கைச் சுளிப்பது பாக்கு வியாபாரி லாபிருக்குப் பிறவிக் குணம். நல்ல பாக்கைப் பூஞ்சணம் பிடித்த பாக்கென்று சொல்லிச் சொல்லியே கண்டியில் வீடு கட்டிய மனுஷன். விற்கிறவன் எல்லாரும் கள்ளன் என்பது அவருடைய கணக்கு. வாங்குகிறவனைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

மகள் பாயிஸாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டது கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்றுதான். அது வராமல் நிக்காஹ் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷம். அம்பிட்டியவில் தோட்டத்துக் கணக்கெழுதும் வேலை போன கிளாக்கர் செல்லச்சாமி, சாமான்களை விற்றுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறாராம். கேட்டதும் லாபிருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. முடைப்பட்டவனிடம் வாங்குகிற ருசியே வேறு. பிறகு யாரும் குறை சொல்லக் கூடாதென்று மாப்பிள்ளையின் மாமா முஹ்ஸினையும் கூட்டிக்கொண்டு போனார்.

பலா மரத்து அலுமாரி. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. லாபிருக்கு உள்ளே குளிர்ந்தது. முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி.

"நாப்பது ரூவா," என்றார் செல்லச்சாமி.

"இந்த விறகுக்கா?" லாபிர் பலகையைத் தட்டினார். "உள்ள பூராக் கறையான் ஐயா. கண்ணாடில மூஞ்சி கோணலாத் தெரியிது."

"லாபிர் நானா, இருக்கிற மூஞ்சிதான தெரியும்?"

"கால் வேற ஆடுது. உடுப்பு வெச்சா ஒரு மாசத்துல அரிச்சிப் போடும். பன்னெண்டு ரூவா தாரேன். அதுவும் ஒங்களப் பாத்துப் பாவப்பட்டு."

வெட்கங்கெட்ட வாய்! செல்லச்சாமியின் முகம் தொங்கிப்போயிற்று. இருபத்தைந்துக்கு இறங்கினார். லாபிர் பதினைந்து என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முஹ்ஸின் வாசலுக்கு நடந்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"போதும் நானா. கறையான் அரிச்சதையா எங்கட வீட்டுக்கு அனுப்பப் பாத்தீங்க? ஒங்கட வாயாலயே சென்னீங்க. இந்தச் சம்பந்தம் வேணாம்."

லாபிருக்கு வேர்த்து ஊற்றியது. "அது வெலைக்கிச் சென்னது! இது இரும்பு மாதிரி மரம், தட்டிப் பாருங்க!"

செல்லச்சாமி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கறையான் இல்லீங்களா, நானா?"

"ஒரு பூச்சி இல்ல!"

"காலு?"

"ஆடினா என்ட பேர மாத்திக் கூப்பிடுங்க!"

"அப்ப அந்தக் கோணலு?"

லாபிர் முஹ்ஸினைப் பார்த்தார். "அது என்ட மூஞ்சி," என்றார்.

முஹ்ஸின் திரும்பி வந்து, அலுமாரிக் கதவைத் திறந்து, தட்டி, முகர்ந்து, கடைசியில் தலையாட்டினார்.

"இவ்வளவு நல்ல சாமான நாப்பதுக்குக் குடுக்க மனசு வரல," என்றார் செல்லச்சாமி. "நாப்பத்தஞ்சு."

லாபிருக்கு மறுபடி குறை சொல்ல வாய் வந்தது. ஆனால் முஹ்ஸின் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். லாபிர் மடியை அவிழ்த்தார்.

வண்டியில் ஏற்றும்போது, "பாத்து, பாத்து, கண்ணாடி!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினார். விறகு ஏற்றுகிறவன் யாரும் அப்படிக் கத்துவதில்லை.