நாலு என்றால் நாலுதான்

பஸ் டிப்போவில் பத்தொன்பது வருடமாக நேரக்காப்பாளர் வேலை பார்க்கிறவளுக்கு வீட்டில் கடிகாரம் எதற்கு? அவளே ஒரு கடிகாரம்தான். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியேறியது, யார் டீ குடிக்கப் போய் ஏழு நிமிடமாகத் திரும்பவில்லை, எல்லாம் அவள் விரல் நுனியில் இருக்கும். ஓட்டுநர்கள் அவளை டைமக்கா என்று கூப்பிடப் போய், அந்தப் பெயர் டிப்போவைத் தாண்டி வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சைக்கிள் கடை வைத்திருக்கும் கணவரே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஆனால் டிப்போவில் அவள் போடும் அட்டவணைக்கு என்ன மரியாதை? காலை ஆறு மணிக்கு ஒட்டினால் எட்டு மணிக்குள் சாயம் போய்விடும். ஒரு ஓட்டுநருக்குக் காய்ச்சல், ஒரு பஸ்ஸுக்குப் பஞ்சர், ஒரு பாலத்தில் நெரிசல். வருடத்தில் ஒரே ஒரு நாளாவது தான் எழுதிய நேரப்படி உலகம் நடக்க வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. அந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான் ஊருக்கு மேலே இருக்கிற மலையில் எட்டு மணி நேர சைக்கிள் போட்டி. காலை எட்டு மணிக்குத் தொடக்கம். பதினோரு கிலோமீட்டர் மலைச்சுற்று. எட்டு மணி நேரத்துக்குள் யார் அதிகச் சுற்று முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. கேட்க எளிமையாகத்தான் இருக்கும். நடத்திப் பார்த்தால் நாக்குத் தள்ளிவிடும்.

பதினோரு மாதம் ஓடினாள். தேதி பிடிப்பதே பெரும்பாடு. ஒரு வாரம் பரீட்சை, ஒரு வாரம் மழை, ஒரு வாரம் பக்கத்து ஊர் சங்கத்தின் போட்டி. கடைசியில் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வனத்துறை அலுவலகம் இரண்டு முறை முடியாது என்றது. மூன்றாவது முறை போனபோது ரேஞ்சர், அவளுடைய அட்டவணையை மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"சாயங்காலம் மிருகங்க தண்ணி குடிக்க ஏரிக்கு இறங்கும். நாலு மணிக்கு கேட்டைப் பூட்டிடுவேன் மேடம். நாலு மணிக்கு அப்புறம் ஒரு சைக்கிள் உள்ள இருந்தாலும், அடுத்த வருஷம் உங்க மனுவை வாங்கக்கூட மாட்டேன்."

"நாலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே மலை காலியா இருக்கும் சார்," என்றாள் டைமக்கா. பெருமையாகவே சொன்னாள். அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. நேரத்தை மதிக்கிற ஆள் இந்தக் காலத்தில் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எண்பத்து நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். எண்பத்து மூன்று பேரைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. எண்பத்து நாலாவது ஆள் அவள் நாத்தனார்.

நாத்தனார் பல் டாக்டர். சைக்கிளில் ஏறிவிட்டால் காற்றுதான். ஏறுவதற்குள்தான் விடிந்து அஸ்தமித்துவிடும். எப்போது போன் செய்தாலும் "இதோ வந்துட்டேன்" என்பாள். அதற்கு இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். அதனால் குடும்பத்தில் அவள் பெயரே 'இதோ' ஆகிவிட்டது. அவளுடைய கிளினிக்கில் காத்திருந்து காத்திருந்து பாதிப் பேருக்குப் பல்வலி தானாகவே போய்விடும் என்று சொந்த அண்ணனே கேலி செய்வார்.

பத்து வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கப் போனார்கள். கடைக்காரர் ஷட்டரை இறக்கும் நேரத்தில் இதோ வந்து நின்றாள். அந்தப் போட்டோவில் அண்ணன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம் இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு டைமக்கா ஒரு முடிவெடுத்தாள். அதற்கப்புறம் எந்த விசேஷம் என்றாலும் நாத்தனாருக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே நேரம் சொல்லுவாள். ஏழு மணி ரயிலை ஆறு மணி என்பாள். பத்து மணி விருந்தை ஒன்பது என்பாள். மருந்து கசந்தாலும் வேலை செய்தது. இதோவும் சரியாக வந்து சேர்ந்துகொண்டிருந்தாள்.

போட்டிக்கும் அப்படியே ஒரு தனித்தாள் தயார் செய்தாள். எல்லோருக்கும் போகிற அட்டவணைதான், நேரம் மட்டும் ஒவ்வொரு வரியிலும் ஒரு மணி நேரம் முன்னால். அச்செடுத்துக் கையில் பிடித்தபோது மனசு உறுத்தியது. போட்டி என்று வைத்த பிறகு ஒருத்திக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரமா? டைமக்காவுக்கு நாத்தனாரைவிட நியாயம் பெரிது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உண்மையான தாளையே கொடுத்தாள். முன்ஜாக்கிரதையாக, முந்தின நாளே அவளைத் தன் வீட்டில் தங்கவைத்து, காலையில் தானே உலுக்கி எழுப்பி, ஏழரைக்குத் தொடக்கக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவள் கனவில் கண்டதுதான். எட்டு மணிக்கு விசில். எண்பத்து நாலு சைக்கிளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மலையேறின. தண்ணீர் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. மேலே உச்சியில் கண்காணிக்க உட்கார்ந்திருந்த, சைக்கிள் கடைக்குப் பக்கத்துக் கடைத் தையல்காரர் வாக்கி-டாக்கியில் எண்களைச் சொல்லச் சொல்ல, டைமக்கா கரும்பலகையில் எழுதினாள். இரண்டரை மணிக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். அதற்கப்புறம் யாரும் புதுச் சுற்று தொடங்க முடியாது. அதற்கு நாலு நிமிடம் முன்னால் இதோ ஆறாவது சுற்றுக்குக் கடந்து போனாள். முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் பல்.

"பாருங்க, உங்க தங்கச்சி அஞ்சு சுத்து முடிச்சிட்டா!" என்று டைமக்காவே கைதட்டினாள்.

மூன்று பதினைந்துக்குப் பலகையில் ஆறு எண்கள் மிச்சம். மூன்று இருபதுக்கு ஒன்றே ஒன்று. நாற்பத்தொன்று. இதோவின் எண்.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "தையல்கார அண்ணே, நாப்பத்தொண்ணு எங்க?"

"இங்கதான் இருக்காங்க. பாறை மேல உக்காந்து, காலை நீட்டிக்கிட்டு, ஆரஞ்சு உரிக்கிறாங்க. எனக்கும் ரெண்டு சுளை குடுத்தாங்க."

"ஆரஞ்சா? நாலு மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவாங்கன்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேனே. நாலுன்னா அஞ்சுன்னு அர்த்தமாம். காலையில எட்டுன்னா எட்டுக்கே தொடங்குச்சேன்னு கேட்டேன், அது நீங்களே கையோட கூட்டிட்டு வந்ததாலயாம். எங்க அண்ணி கணக்கு உங்களுக்குத் தெரியாதுன்னு சிரிக்கிறாங்க."

டைமக்கா மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் யாரோ ஒருவருடைய சைக்கிளின் பிரேக்கை மிக அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அக்கறையே காட்டிக்கொடுத்தது.

"ஏங்க. என் கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்," என்றார் பிரேக்கைப் பார்த்தபடி. "ஒரு தடவை ஏழு மணி ரயிலுக்கு ஆறுன்னு சொன்னியே, அன்னைக்கு அவ அதிசயமா அஞ்சே முக்காலுக்கே வந்துட்டா. ஒரு மணி நேரம் பிளாட்பாரத்துல தனியா நின்னா. நாம எல்லாரும் அவளை விட்டுட்டுப் போயிட்டோம்னு நெனச்சு அழுதிருக்கா. மனசு கேக்கல. அண்ணி சொல்ற நேரத்துல ஒரு மணி கூட்டிக்கோன்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"அது ஆச்சு ஒம்பது, பத்து வருஷம்."

பத்து வருடமாக அவள் ஒன்றைக் கழிக்க, அவர்கள் ஒன்றைக் கூட்ட, இதோ சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அதைத் தன் சாமர்த்தியம் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் முறையாக உண்மையைச் சொன்ன அன்றைக்கு, உண்மையே குழி பறித்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்த கதைதான்.

திட்டுவதற்கு நேரமில்லை. உச்சியிலிருந்து கீழே வர அரைமணி. கேட்டருகே ரேஞ்சர் சாவிக்கொத்தோடு வந்து நின்றுவிட்டார். அவர் இடுப்பிலும் ஒரு வாக்கி-டாக்கி. மலையிலிருந்த எல்லாக் கருவியும் ஒரே அலைவரிசை. ஒருத்தர் தும்மினால் இருபது பேர் கேட்பார்கள்.

"அவகிட்ட குடுங்கண்ணே," என்றாள்.

"சொல்லுங்க அண்ணி!" இதோவின் குரல் உற்சாகமாக வந்தது.

"உடனே கிளம்பு. நாலு மணிக்குப் பூட்டிடுவாங்க. நிஜமாவே நாலு."

"எப்பவும் நிஜமாவேன்னுதான் சொல்வீங்க. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. கால் கொஞ்சம் ஆறட்டும்."

"அவங்க அண்ணனைப் பேசச் சொல்லுங்க" என்று யாரோ கூட்டத்தில் யோசனை சொன்னார்கள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அண்ணனும் கூட்டணி என்றுதான் தங்கை நினைப்பாளாம். புலி வருது, புலி வருது என்று பத்து வருடம் கத்தியவளுக்கு இப்போது நிஜப் புலியைக் காட்ட ஒரு வழியும் தெரியவில்லை. பொய் சொல்லிப் பார்க்கலாமா? மூன்று என்று சொன்னால் நாலு என்று எடுத்துக்கொள்வாள். ஆனால் மூன்று மணி போய் இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டதே!

டைமக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இருபது கருவிகள் கேட்கின்றன, ரேஞ்சர் கேட்கிறார், தன் கீழ் வேலை செய்கிற இரண்டு ஓட்டுநர்கள் தண்ணீர் பாட்டிலோடு நின்று கேட்கிறார்கள். கேட்கட்டும் என்று பொத்தானை அழுத்தினாள்.

"இங்க பாரு. பத்து வருஷமா உங்கிட்ட நான் பொய் சொன்னேன். ஒவ்வொரு விசேஷத்துக்கும். நீ திருந்த மாட்டேன்னு நானே முடிவு கட்டிட்டேன். அது தப்பு. இந்தப் போட்டிக்கும் உனக்குன்னு பொய்யா ஒரு தாள் அடிச்சேன், அப்புறம் கிழிச்சிட்டேன். உன் கையில இருக்கறது எல்லார்கிட்டயும் இருக்கற தாள். நாலுன்னா நாலுதான். நீ வரலைன்னா அடுத்த வருஷம் இந்தப் போட்டியே கெடையாது. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். தயவுசெஞ்சு நம்பு."

டைமக்கா வாயிலிருந்து 'தயவுசெஞ்சு' என்ற சொல் வந்து அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

"இதோ வந்துட்டேன் அண்ணி," என்றது கருவி.

டைமக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். உலகத்தில் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வந்திருக்கும். பிறகு தையல்காரரின் குரல் கத்தியது. "கிளம்பிட்டாங்க! ஆரஞ்சை என் மேல எறிஞ்சிட்டுப் பறக்கறாங்க!"

மூன்று இருபத்தெட்டு. வழியெல்லாம் இறக்கம். கணக்குப்படி மூன்று ஐம்பத்தைந்துக்கு வந்துவிட வேண்டும். எண்பத்து மூன்று பேரும் சேறோடு சேறாக கேட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக வந்து நின்றார்கள். முதல் இடம் பிடித்தவன்கூடத் தன் கோப்பையைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று ஐம்பத்தைந்து ஆனது. ஐம்பத்தெட்டு ஆனது. வளைவில் யாரும் இல்லை. நாலு ஆனது. டிப்போவில் எத்தனையோ ஆயிரம் தாமதங்களைக் குறித்த கைக்கு இந்த ஒன்றைக் குறிக்க மனம் வரவில்லை.

நாலு மணி நாலு நிமிடத்துக்கு ஏரிக்கரை வளைவில் நாற்பத்தொன்று தெரிந்தது. சைக்கிளில் இல்லை. அறுந்த செயின் கழுத்தில் தொங்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இரண்டு முழங்காலும் சிராய்ந்து, வாழ்க்கையில் எதற்கும் ஓடாத இதோ ஓடி வந்துகொண்டிருந்தாள். நாலு மணி ஆறு நிமிடத்துக்குக் கோட்டைக் கடந்ததும் சைக்கிளோடு சரிந்து உட்கார்ந்தாள். கூட்டம் கைதட்டியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

டைமக்கா நேராக ரேஞ்சரிடம் போனாள். "ஆறு நிமிஷம் லேட்டு சார். தப்பு எங்க பேர்ல. நீங்க சொன்னது சொன்னதுதான். பூட்டிக்கோங்க." குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள், கண்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ரேஞ்சர் சங்கடமாக நெளிந்தார். சாவிக்கொத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"அது வந்து... அழாதீங்க மேடம். கேட்டு மூடறது அஞ்சு மணிக்குத்தான்."

"என்ன?"

"போட்டி நடத்தற ஆளுங்க யாரு நேரத்துக்கு முடிச்சிருக்காங்க? எல்லாரும் ஒரு மணி நேரம் இழுத்துடுவாங்க. அதனால நான் எல்லார்கிட்டயும் ஒரு மணி நேரம் முன்னாடியேதான் சொல்றது. ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. உங்களுக்கு அடுத்த வருஷமும் பர்மிஷன் உண்டு."

போட்டி பிழைத்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் ஓ என்று கத்தினார்கள், யாரோ தண்ணீரை வாரி இறைத்தார்கள், கணவர் ரேஞ்சரையே கட்டிப்பிடித்துவிட்டார். டைமக்காவுக்கு மட்டும் சந்தோஷம் வருவதற்குப் பதிலாகக் காதெல்லாம் சூடேறியது. பத்தொன்பது வருடத்தில் ஒரு நிமிடம் தவறாதவள். அவளைப் போய், நேரத்துக்கு வராத கும்பலோடு சேர்த்து எடை போட்டிருக்கிறார். நல்ல மனிதர் என்று நம்பினாளே! விடுவிடுவென்று வந்து நாத்தனாருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"கேட்டியா அந்த ஆளு சொன்னதை? என்னைப் பார்த்தா நேரத்துக்கு வராதவ மாதிரியா இருக்கு? ஒரு வார்த்தை நேரா சொல்லியிருக்கலாம்ல? நம்மளை ஒருத்தர் நம்பாம, முகத்துக்கு நேரா சிரிச்சுக்கிட்டே பொய் நேரம் சொன்னா எவ்வளவு கேவலமா இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

இதோ செயினைக் கழுத்திலிருந்து கழற்றினாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"தெரியும் அண்ணி," என்றாள். "பத்து வருஷமாத் தெரியும்."