லிஃப்டுக்குள் கிரீம் பன்

"நேத்து சாயங்காலம் நான் கிரீம் பன் சாப்பிட்டேன். ஒண்ணு இல்ல, ரெண்டு!" என்று தராசு அறிவித்தபோது, அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளமே ஒரு நொடி மூச்சுவிட மறந்தது. சிங்கத்துக்குப் பல் பிடுங்கினேன் என்றிருந்தால் பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள். நிலாவுக்கு நடந்தே போய்விட்டு வந்தேன் என்றிருந்தால், செருப்பு தேய்ந்ததா என்று விசாரித்திருப்பார்கள். ஆனால் கிரீம் பன்! வாட்ச்மேன் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று படிக்கட்டில் உருண்டது. "காலங்காத்தால வயித்த வலிக்க வைக்காதீங்க சார்" என்றார். தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த அவருடைய அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்டா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் அவர் அத்தனை சத்தமாகச் சொன்னதே.

தராசு என்பது கட்டடம் வைத்த பெயர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் அவரிடம் சொன்னது ஒரே ஒரு வரி: "சர்க்கரைய கொஞ்சம் குறைங்க." கொஞ்சம் என்ற சொல் அவர் தொழிலில் கிடையாது. சர்க்கரையை அடியோடு நிறுத்தினார். பிறகு உப்பு, பிறகு எண்ணெய், பால், கோதுமை. அப்புறம் முதல் நாள் சமைத்த எதுவும் ஆகாது என்றானது. கடைசியில் இன்னொருவர் கை பட்ட எதுவும் ஆகாது என்றானது. காய்கறிக் கடையில் அவர் தலை தெரிந்தால் தக்காளி வெளிறிப்போகும். கேரட் நிமிர்ந்து நின்று தன் பூர்வீகத்தை ஒப்பிக்கும். மிஞ்சியது வேகவைத்த காயும், ஊறவைத்த தானியமும், எல்லாவற்றையும் நிறுக்க ஒரு சின்னத் தராசும். "லிஃப்டுல எடை கூடினா மணி அடிக்கும். உடம்புல மணி இல்ல. அதனால நான்தான் மணி" என்பார். அவர் மணியடிக்க மணியடிக்க, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

கடைசியாக இறங்கியது மேல்வீட்டில் இருக்கும் அக்கா. மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு அங்கேதான் சாப்பாடு. சாப்பாடு அவருடைய டப்பாவில், உட்காரும் இடம் மட்டும் அவளுடையது. ஒரு ஞாயிறு அவளுடைய பிள்ளைகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். விடியலிலிருந்து நின்று சமைத்திருந்தாள். தராசு தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லார் தட்டையும் எட்டிப் பார்த்து, "இது எத்தனாவது தடவ காய்ச்சின எண்ணெய்?" என்று கேட்டார். போதாதென்று பேத்தியின் தட்டில் இருந்ததை எடுத்துத் தன் சின்னத் தராசில் நிறுத்தும் பார்த்தார். குழந்தை பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டது. அக்கா அவருடைய டப்பாவை மூடிக் கையில் கொடுத்தாள். "என் கையால சமைச்சத சாப்பிட முடியும்னு உனக்குத் தோணுறப்ப வா. அதுவரைக்கும் வராத."

அன்றிலிருந்து ஞாயிறுகளில் தலைக்கு மேலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். கீழே அவர் வெள்ளரிக்காயைக் கடிப்பார். கடித்த சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்து, வீட்டில் வேறு யார் என்று அவரையே விசாரிக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் லிஃப்டில் நடந்தது இதுதான். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுவிட்டது. உள்ளே தராசும், பேக்கரிப் பையோடு ஐந்தாம் மாடித் தையல்காரம்மாவும். "பயப்படாதீங்கம்மா. நான் திறக்காத லிஃப்ட இனிமேதான் செய்யணும்" என்று தராசு மார்தட்டினார். உள்கதவைத் தள்ளி, இடுக்கில் கைவிட்டு, வெளிக்கதவின் கொக்கியைத் தூக்கினால் போதும், தூக்கத்தில்கூடச் செய்வார். தள்ளினார். கதவு அசையவில்லை. மறுபடி தள்ளியபோது அவர்தான் பின்னால் போனார். கண்ணில் பூச்சி பறந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

தையல்காரம்மா கேள்வியே கேட்கவில்லை. ஒரு பன்னை அவர் கையில் திணித்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "தனியா சாப்பிட்டா எனக்கு இறங்காதுண்ணே. நீங்களும் கடிங்க."

பக்கத்தில் இன்னொருவர் மெல்லும் சத்தம். அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! தராசு கடித்தார். மீசையெல்லாம் கிரீம். அந்தம்மா நீட்டிய இரண்டாவதையும் தின்று, காகிதத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்து, சற்று நேரம் கழித்து எழுந்து தள்ளியபோது கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

கீழ்த்தளத்தில் பன்னைப் பற்றிச் சொன்னவர் சுவரோடு சரிந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய தையல்காரம்மாவோ அன்றைக்கே வெளியூரிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இன்னொன்றையும் தராசு யாரிடமும் சொல்லவில்லை: பன்னுக்குத் தண்டனையாக, வழக்கமான காயிலும் பாதியைக் குறைத்திருந்தார்.

ஒரு மதியம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் அக்கா. படியிறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது.

"தையல்காரம்மா ஊருலேர்ந்து வந்துட்டாங்க. பாத்துப் பேசினேன்."

தராசின் முகம் பூத்துவிட்டது. "நான்தான் சொன்னேன்ல?"

"பன்ன மட்டும்தான் சொன்ன. கதவத் தள்ள முடியாம விழுந்தத எங்கடா சொன்ன?"

அவள் அவரைத் தாண்டி சமையலறைக்குள் போனாள். அடுப்பு காய்ந்து கிடந்தது. மேசைமேல் அந்தச் சின்னத் தராசு, அதன் தட்டில் வேகவைத்த சுரைக்காய்த் துண்டுகள், ஒரு கைப்பிடிகூடத் தேறாது. திரும்பி அவரைப் பார்த்தாள். சட்டை கொடியில் காயப்போட்டது மாதிரி அவர்மேல் தொங்கியது. மேசைக்கு ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. மற்றவை எங்கே என்று அவள் கேட்கவில்லை.

"உக்காருக்கா" என்று அதை இழுத்துப் போட்டார்.

"நீ உக்காருடா."

இருவரும் உட்காரவில்லை. நாற்காலி நடுவில் நின்றது. அதன் முதுகில் அவர் கை ஒரு ஓரமும், அவள் கை ஒரு ஓரமுமாக இருந்தன. மேலே வீட்டில் யாரும் இல்லாததால் கூரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"இன்னொருத்தர் கை பட்டத சாப்பிட்டிருக்க" என்றாள் அக்கா மெதுவாக. "நடந்துதான் இருக்கு. நான்தான் நம்பல."