மூன்றாவது சிலிண்டர்

ஆனந்தகுமாரும் காவேரியும் கல்யாணமாகி இரண்டு வருஷம் வரை ஒருவரையொருவர் முழுசாகப் பார்த்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அவன் பிள்ளையார்பாளையத்து வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டுப்புடவைகளுக்கு டிசைன் போடுகிறவன். அவள் விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஒரகடம் போவாள். அங்கே ஓர் இஞ்சின் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் வேலை. அவள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஓர் இஞ்சின்கூட வெளியே போகாது.

அவனுக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி வந்தான். சிவப்பு நிறம், இரண்டே சீட். தெருவில் திருப்புவதற்குள் நாலு வீட்டுக்காரர்கள் பைக்கை நகர்த்த வேண்டும். அதுவும் போதாமல் ஒரு வருஷம் கழித்து சூப்பர்சார்ஜருக்கு ஆர்டர் கொடுத்தான். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற கருவி. அதை மாட்டினால் வண்டியின் பலம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

மரப்பெட்டி லாரியில் வந்து இறங்கியது. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வைத்துப் பெட்டியைத் திறந்தான். பெல்ட், புல்லி, குழாய்கள், நூறு பொட்டலம் போல்ட் நட்டு. எதை எங்கே மாட்டுவதென்றே அவனுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்த காவேரி, நின்றபடியே விளக்கப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"இதுக்கு முன்னாடி இஞ்சின்ல கை வெச்சிருக்கீங்களா?"

"வீடியோல பாத்துக்கினுதான் இருக்கேன்."

அவள் சிரித்த சிரிப்பில் புத்தகம் கையிலிருந்து விழுந்தது. "சரி, ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கலாம். நான் சொல்ற வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க, ஆமா."

ஆறு ஞாயிறுகள். பிற்பாடு யோசித்துப் பார்க்கும்போதெல்லாம், தன் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்தது அந்த ஆறு நாள்தான் என்று அவனுக்குத் தோன்றும். நைட்டிக்கு மேல் அவனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அவள் காருக்கடியில் படுத்திருப்பாள். அடுத்த வீட்டு அம்மா சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்து, "இன்னாமா இது, பொம்பள வேலையா?" என்பாள். "ஆமாக்கா, இவருக்குத் தெரியாத வேலை" என்று அடியிலிருந்தே பதில் வரும். கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் ஒரு தட்டில் வைத்துப் பேப்பரில் எண் எழுதுவாள். இஞ்சினுக்குக் காற்றுப் போகும் துளைகளை பனியன் துணியால் அடைத்து வைப்பாள். நட்டு அளவாக முறுக்கியாயிற்று என்று டார்க் ரென்ச் 'டிக்' என்று சத்தம் போட்டதும் அவனைப் பார்த்துத் தலையாட்டுவாள். அவன் டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவான். அவள் கை முழுக்கக் கிரீஸாக இருக்கும் என்பதால் டம்ளரை அவனே பிடித்துக்கொண்டு குடிக்கவைப்பான்.

ஐந்தாவது ஞாயிறு ஒரு சின்ன நட்டு அவள் விரலிலிருந்து நழுவியது. துணியை அப்போதுதான் எடுத்திருந்தாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. காந்தக் குச்சியை விட்டுத் துழாவினார்கள். கடைசியில் தரையில், டயருக்குப் பக்கத்தில், ஒரு நட்டு கிடைத்தது.

"இதான்பா, கெடச்சிடுச்சு" என்றான் அவன்.

"இதானா? வேற ஏதாச்சும் பழைய நட்டா இருந்துட்டா?" டார்ச் அடித்து நாலு துளையையும் அரைமணி நேரம் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் மூடினாள்.

ஆறாவது ஞாயிறு வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. காவேரி கையைத் தட்டிக் குதித்தாள். ஆனால் வேலை முடியவில்லை. கோயம்புத்தூரில் இருந்த ஒரு டியூனர், வண்டி ஓடுவதைப் பதிவு செய்து அனுப்பினால் அதைப் பார்த்து இஞ்சினின் கம்ப்யூட்டருக்கு ஏற்ற புரோகிராமை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். சாதாரண பெட்ரோலும் கூடாது; சென்னையிலிருந்து உயர்ரக பெட்ரோல் வாங்கிவர வேண்டும். காவேரி ஓர் அட்டையில் 'நிமிஷத்துக்கு 2500 சுற்றுக்கு (ஆர்பிஎம்) மேல் போகாதே' என்று மார்க்கரில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிட்டாள்.

அடுத்த ஞாயிறு திருமுக்கூடலில் அவளுடைய அக்கா சங்கரி வீட்டில் காதுகுத்து. இவன் ஒரு டிசைனை முடிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டான். பதினோரு மணிக்கு நண்பன் வசந்த் வந்தான்.

"இவ்ளோ செலவு பண்ணி கொட்டாயில நிறுத்தி வெச்சிருக்கியே. ஒரு ரவுண்டு காட்டுடா."

அட்டையை அவிழ்த்து வைத்தவன் ஆனந்தகுமார்தான். யாரும் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. டேங்கில் இருந்தது சாதா பெட்ரோல். ஊருக்கு வெளியே வெள்ளைகேட் தாண்டி ரோடு காலியானதும் மிதித்தான். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வசந்த் ஊளையிட்டான். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை முள் ஆறாயிரத்தைத் தாண்டும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். அப்புறம் கண்ணாடியில் பின்னால் ரோடே தெரியவில்லை, அவ்வளவு நீலப் புகை. முக்கி முனகி வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அட்டையை மறுபடி ஸ்டியரிங்கில் கட்டினான்.

சாயங்காலம் காவேரி பட்டுப்புடவையோடு நேரே கொட்டகைக்குத்தான் வந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணேன். ஏதோ சத்தம் வந்துச்சு. நிறுத்திட்டேன்" என்றான்.

அவள் முகம் வெளுத்தது. "அந்த நட்டு" என்றாள். "உள்ள போயிருக்குது. எனக்கு அப்பவே மனசு சொல்லிச்சு. கெடச்சது அது இல்ல."

அவன் பொய் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. பேசாமல் நின்றால் போதுமாக இருந்தது. நின்றான்.

இரண்டு நாள் கழித்து லேத் பட்டறை முனுசாமி இஞ்சினைப் பிரித்தார். காவேரி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் அவரை வரச் சொல்லியிருந்தான்; நட்டு விழுந்த கதையையும் சொல்லியிருந்தான். முனுசாமி ஒரு பிஸ்டனை எடுத்து அதன் உடைந்த ஓரத்தில் விரலை வைத்துத் தடவினார்.

"நட்டும் இல்ல, கிட்டும் இல்லபா. உள்ள எதுனா பூந்திருந்தா மேல கொத்து கொத்தா அடி விழுந்திருக்கும். இது வெரட்டுனதால ஒடைஞ்சது. சாதா பெட்ரோலா ஊத்துன?"

"வீட்ல கேட்டா சொல்லாதீங்கண்ணா."

முனுசாமி பிஸ்டனைக் கீழே வைத்தார். "எனக்கு இன்னாபா, உன் வூட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்று காவேரி வந்து கேட்டபோது, "ஆமா, ஏதோ உள்ள போயிருக்குதாம்" என்றான். அந்த ஒரு வரிதான். ஒரு வாரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஒரு வாரத்தில் அவள், "மன்னிச்சிடுங்க, உங்க ஆசையைக் கெடுத்துட்டேன்" என்று அழுதாள். அவள் அழுத பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இஞ்சின் இல்லாத வண்டியை வேலூர்க்காரர் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். டார்க் ரென்ச்சை அவள் யாருக்கோ கொடுத்துவிட்டாள். தொழிற்சாலையில் டெஸ்டிங்கை விட்டு ஸ்டோர்ஸுக்கு மாற்றிக்கொண்டதாக ஒருநாள் சொன்னாள். ஸ்டோர்ஸில் அலைச்சல் கம்மி என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

இரண்டு வருஷம் போயிற்று. காவேரியோடு வேலை செய்யும் காயத்ரி, தங்கை கல்யாணப் புடவையின் முந்தானையில் மணமக்கள் பேரைப் போட டிசைன் வேண்டுமென்று வந்தாள். காவேரி கடைக்குப் போயிருந்தாள். திரையில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே காயத்ரி சொன்னாள்:

"அக்கா கிட்ட நீங்களாச்சும் சொல்லக்கூடாதாண்ணா? லைன் லீடர் போஸ்ட்டு தானா தேடி வந்துச்சு. வேணாம்னுட்டாங்க. ஒரு நட்டை ஒழுங்கா பாக்கத் தெரியாதவ, என் கையை நானே நம்ப மாட்டேன்னு மேனேஜர் கிட்டயே சொன்னாங்க. போன வாரம் வேற ஆளப் போட்டுட்டாங்க."

அவன் முந்தானை டிசைனைச் சேமித்து மூடினான்.

காவேரி காய்கறிப் பையோடு வந்ததும், காயத்ரி போகும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னான். அவன் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்.

"எந்த பிஸ்டன்?"

"மூணாவது."

"எவ்ளோ ஆர்பிஎம்?"

"ஆறாயிரத்துக்கு மேல."

"பெட்ரோல்?"

"சாதாதான்."

அவள் தலையாட்டினாள். டெஸ்டிங்கில் இப்படித்தான் கேட்பாள்போல. "கார் போச்சுன்னா ஒரு நாள் கத்தியிருப்பேன். ரெண்டு நாள். அப்புறம் மறுபடி ஒக்காந்து ரெண்டு பேரும் மாட்டியிருப்போம்" என்றாள். குரல் உயரவில்லை. "தெனம் காலைல வாசக் கதவச் சாத்திட்டு நாலு தடவ இழுத்துப் பாத்துட்டுப் போறேன். பஸ் ஹாரன் அடிக்கும், அப்பவும் திரும்பி வந்து பாப்பேன். மேலேருந்து நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"நான் மேனேஜர் கிட்ட வந்து பேசட்டுமா?"

"வேணாம். நானே பேசிக்கிறேன்."

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. சண்டையும் போடவில்லை. சமையல், மருந்து, கரண்ட் பில் என்று தேவையானதைப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திருமுக்கூடலுக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினாள். அவன் ஒருதடவை, கூட வரட்டுமா என்று கேட்டான். "பஸ் நேரா போகுது" என்றாள்.

எட்டு மாசம் கழித்து காயத்ரி கல்யாணப் புடவையின் போட்டோவைக் காட்ட வந்தபோது, "அக்காவ மறுபடி டெஸ்டிங்ல போட்டுட்டாங்கண்ணா. இந்த மாசம் அவங்க பாத்து அனுப்புன இஞ்சின்ல ஒண்ணுகூடத் திரும்பி வரல. சொல்லியிருப்பாங்களே?" என்றாள்.

"சொன்னா" என்றான்.

அன்று சாயங்காலம் அவள் சொல்வாளென்று காத்திருந்தான். காவேரி கைகால் கழுவினாள், தோசை வார்த்தாள், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முகத்தில் களைப்பில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்று, "தண்ணி மோட்டார் சத்தம் போடுது. யாராச்சும் ஆளக் கூப்புடுங்க" என்றாள்.

நீயே பிரித்துப் பார்க்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்று பட்டது.

"கூப்புடறேன்" என்றான்.