அஃப்ரித் முதலில் குந்திய நாள்

1

இந்தக் கதை எனக்குத் துணி காயப்போடும் கொடியில் கிடைத்தது. தண்டையார்பேட்டையில் நாங்கள் குடிவந்த மூன்றாம் நாள், வாளியோடு மொட்டை மாடிக்குப் போனால், கொடி முழுக்கச் சின்னச் சின்ன ஜட்டிகள். எண்ணினேன். பதினான்கு. பக்கத்தில் நைட்டியை உதறிக்கொண்டிருந்த கீழ்த்தளத்து ஐரீனம்மாவிடம், "இந்த பில்டிங்ல எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார். "இதெல்லாம் அது ஒரே நாள்ல நனைச்சது."

பிறகு வந்த வாரங்களில் அவர் சொன்னதைத்தான் எழுதப் போகிறேன். ஐரீனம்மா எதையும் ஒன்றரை மடங்காகச் சொல்கிறவர். அதனால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டேன். கழித்த இடம் காலியாகக் கிடக்க வேண்டாம் என்று நானும் கொஞ்சம் போட்டு நிரப்பியிருக்கிறேன்.

(முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இது ஒரு குழந்தை ஆய் போன கதை. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு வரலாம். கதை எங்கும் ஓடிவிடாது.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

*கடல் அன்று அமைதியாக இருந்தது. தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களை ரஷீது ஏக்கத்தோடு—*

வேண்டாம். கப்பல்காரன் என்றதும் கை தானாகக் கடலுக்குப் போய்விடுகிறது. அந்தக் குழந்தையின் அப்பன் ரஷீது கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்கிறவன். அவன் கடலைப் பார்த்ததைவிட எண்ணெயைப் பார்த்ததுதான் அதிகம்.

இரண்டாம் முயற்சி:

*எந்த வயதில் குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கத்தைத் தொடங்கலாம் என்பதில் நிபுணர்களிடையே—*

இதுவும் வேண்டாம். இந்தக் கட்டடத்தில் நிபுணர் என்றால் ஐரீனம்மா ஒருவர்தான். மூன்று பிள்ளை பெற்றவர், குரல் முதல் மாடி வரை கேட்கும்.

மூன்றாம் முயற்சி:

மரியம் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது இருக்கட்டும். திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. அவள் மகன் அஃப்ரித்துக்கு இரண்டேகால் வயது. கொஞ்ச நாளாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு அவன் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. திரும்பி வரும்போது டயபர் கனத்திருக்கும். தடுப்பூசி போட்ட நர்ஸ் மரியத்திடம் சொல்லியிருந்தார்: "ஒளிய ஆரம்பிச்சான்னா அவனுக்குப் புரிய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். அவசரப்படாதம்மா. இன்னும் ரெண்டு மூணு மாசம் பொறு, அவனே வந்து கேப்பான்."

மரியம் பொறுக்கத்தான் இருந்தாள். ஆனால் இரண்டு மாத விடுப்பில் வந்திறங்கிய ரஷீதின் பெட்டியிலிருந்து அந்தச் சாமான் வெளியே வந்தது.

3

அந்தச் சாமானின் பெயர்தான் சிக்கல். மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு வாத்து. முதுகில் குழந்தை உட்கார ஓட்டை, வயிற்றில் கிண்ணம். ஈரம் பட்டால் பாட்டுப் பாடும். கடையில் இதற்குச் சொல்கிற ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'பாட்டி' என்று வருகிறது. 'அஃப்ரித்தைப் பாட்டியின் மேல் உட்காரவைத்தார்கள்' என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த வாக்கியத்தை எழுத எனக்குத் துணிவில்லை. இனி அது வாத்து.

"ரெண்டேகால் வயசு ஆவுது, இன்னும் இன்னா டயபரு?" என்றான் ரஷீது. "எங்க கப்பல் குக்கு புள்ள ஒரு வயசுலயே குந்திச்சாம்."

"அந்த குக்கும் கப்பல்லதான கீறாரு? அவரு எங்கேந்து பாத்தாரு?"

ரஷீது வாத்தின் தலையைத் தடவினான். "அதான் மரியம். நானும் எதையும் பாக்கலியே."

அவன் சொன்னது நிஜம். அஃப்ரித் பிறந்தபோது அவன் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே இடத்துக்காகக் காத்திருந்த கப்பலில் இருந்தான். முதல் பல்லைப் போட்டோவில் பார்த்தான். முதல் நடையை வீடியோவில்.

"அந்த வீடியோல கடைசி மூணு செகண்டு உன் கை மறைக்குது," என்றான். "எத்தினி வாட்டி பாத்துட்டேன் தெரியுமா? கைய எடுக்கவே மாட்டேன்ற."

மூன்று மாதம் பொறுப்பதாக இருந்த மரியம் அந்த இடத்தில் தோற்றுப் போனாள். "சரி, நீங்களே குந்த வைங்க. நான் குறுக்க வரல," என்றாள்.

(ரஷீது அளவுக்கு மீறி நல்லவனாக வந்துவிட்டானோ என்று சந்தேகமாக இருக்கிறது. சாக்ஸைக் கழற்றிப் போட்ட இடத்திலேயே விட்டுவிடுவான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

4

ரஷீதுக்குத் தெரிந்த ஒழுங்கு எஞ்சின் அறை ஒழுங்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினான். எட்டு மணி: குந்தினான், ஒன்றுமில்லை. பத்து மணி: குந்தினான், ஒன்றுமில்லை. பத்தேகால்: சோபாவில். டயபரை ஒரேயடியாகக் கழற்றிவிட்ட அந்த முதல் நாளில்தான் பதினான்கு ஜட்டி. மறுநாள் மரியம் டயபரைத் திரும்ப மாட்டிவிட்டாள். வாத்தில் மட்டும் பழக்கட்டும் என்று ஒப்பந்தம்.

வாத்து எப்படிப் பாடும் என்று காட்ட, ரஷீது அதன் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினான். வாத்து அலறிய அலறலில் திரைக்குப் பின்னால் ஓடிய அஃப்ரித் இரண்டு நாள் அதன் பக்கமே வரவில்லை. ரஷீது ஸ்குரூ டிரைவரை எடுத்து அதன் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டான். பாட்டு நின்றது. ஆனால் ரஷீது நிற்கவில்லை. மகன் வாத்தில் உட்காரும்போதெல்லாம் எதிரே சம்மணம் போட்டுக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மீன் தட்டோடு படியேறிய ஐரீனம்மா வாசலில் நின்றுவிட்டார். "இன்னா பாய், இப்டி எதிர்லயே குந்திகினு கீற? உன்ன ஒருத்தன் இப்டி மொறச்சா உனக்கு வருமா?"

"மொறைக்கலக்கா. ஆசையா பாக்கறேன்."

"அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

(இந்த வரிகளைப் படித்துக் காட்டியதும் ஐரீனம்மா தனக்கு இன்னும் கொஞ்சம் வசனம் கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.)

5

இப்படியே நாற்பது நாள் போனது. பிறகு ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. கப்பல் முன்னதாக வருகிறது; ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டும்; அதற்கு முன் செவ்வாய்க்கிழமை பாரிமுனையில் மெடிக்கல் செக்கப். விடுப்பில் இரண்டு வாரம் காணாமல் போயிற்று.

செவ்வாய் காலை ஒன்பதேகால் மணி. மரியம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து துப்பட்டாவை யாரோ இழுத்தார்கள்.

"ம்மா. வாத்து."

டயபரை அவனே பாதி இறக்கியிருந்தான். மீதியை அவள் இறக்கிவிட்டாள். நேரே போய் வாத்தில் குந்தினான். முகம் சிவந்தது. பிறகு, நாற்பது நாளாக அந்த வீடே காத்திருந்த சத்தம் கேட்டது. மரியம் வெங்காயக் கையோடு கைதட்டினாள். சத்தம் கேட்டு மேலே வந்த ஐரீனம்மாவும் கைதட்டினார். அஃப்ரித் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டான்.

முதல் வரைவில், மரியம் உடனே ரஷீதுக்குப் போன் செய்கிறாள். அவன் ஆட்டோ பிடித்துப் பறந்து வருகிறான். சுபம். இதை ஐரீனம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"போன எடுத்தா, நான் பாத்தேன்," என்றார். "பேரு வர்ற வரைக்கும் தேச்சா. அப்பால கீழ வெச்சிட்டா."

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஏன் கீழே வைத்தாள் என்பதுதான் கதை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் ரஷீது பாரிமுனையில் ஒரு வரிசையில், கையில் பிளாஸ்டிக் குப்பியோடு, கேட்ட உடனே வராமல் நின்றுகொண்டிருந்தான். இதையும் அவனுக்குப் போனில்தான் கொடுப்பதா? மரியத்தால் முடியவில்லை.

கிண்ணத்தைக் கொட்டி, வாத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். மகனுக்குப் புது டயபர் மாட்டினாள். அவன் உயரத்துக்குக் குந்தி, உதட்டில் விரல் வைத்துக் காதோடு சொன்னாள்: "அத்தாகிட்ட சொல்லாத. இன்னா? அத்தா வந்ததும் புதுசா குந்துவோம்."

அஃப்ரித் ரொம்பப் பொறுப்பாகத் தலையாட்டினான்.

"இன்னாடி இது திருட்டுத்தனம்?" என்றார் ஐரீனம்மா.

"திருட்டு இல்லக்கா. அவருக்காக எடுத்து வெச்சிகினு கீறேன்."

6

ரஷீது செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்: "குந்தினானா?"

"இல்ல."

அன்றைய பொய் சுலபமாக வந்தது. புதன்கிழமை அவன் முடிவெட்டப் போனான், பையன் குந்தினான். வியாழன் முழுக்க ரஷீது வீட்டிலேயே இருந்தான். மரியம் மகனுக்குப் பப்பாளி கொடுத்து, வெந்நீர் கொடுத்து, குறித்த நேரத்தில் வாத்தில் குந்தவைத்து, அப்பனைக் கூப்பிட்டாள். பையன் அப்பனைப் பார்த்தான்; எழுந்துவிட்டான். வெள்ளிக்கிழமை ரஷீது ஜும்ஆவுக்குக் கிளம்பிப் போனான். அவன் பைக் தெருமுனை திரும்புவதற்குள் பையன் வாத்து மேல் இருந்தான். ஒவ்வொரு முறையும் கழுவல், கவிழ்ப்பு, உதட்டில் விரல், "அத்தாகிட்ட சொல்லாத."

"இப்பவாச்சும் சொல்லித் தொலையேன்," என்றார் ஐரீனம்மா.

"இப்ப சொன்னா மூணையும் நான் முழுங்கிட்டா மாதிரி ஆவும்க்கா."

அன்று மாலை ரஷீது ஃபிரிட்ஜிலிருந்த அட்டவணையைப் பிய்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "உட்டுடலாம் மரியம். அவனுக்கு எப்பத் தோணுதோ அப்ப குந்தட்டும். நான் போனப்புறம் குந்தினான்னா வீடியோலாம் எடுக்காத. நீ நல்லா பாரு. அது போதும்."

மரியம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். *குழாய்த் தண்ணீரோடு அவள் கண்ணீரும்—* இல்லை, அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. கப்பல் மீது, ஏஜென்ட் மீது, இருக்கிற அத்தனை நேரத்தையும் விட்டுவிட்டு அப்பன் இல்லாத நேரமாகப் பார்த்துக் குந்துகிற மகன் மீது. எல்லாவற்றையும்விட, நல்லது செய்வதாக நினைத்து இப்படிச் சிக்கவைத்துக்கொண்ட தன் மீது. பாத்திரங்களைப் படாரென்று வைத்தாள். நாளைக்குக் காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

7

சனிக்கிழமை காலை ரஷீது கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். பூட்டி முடித்ததும் சொல்லலாம் என்று மரியம் கதவில் சாய்ந்து நின்றாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அவன் பெட்டி மேல் முழங்காலை ஊன்றி, மூச்சுப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நாற்பத்து சொச்ச நாளில் முதல் முறையாக அவன் மகனைப் பார்க்கவில்லை.

அஃப்ரித் மூலையிலிருந்து வாத்தைத் தரதரவென்று இழுத்து வந்து அப்பன் முதுகுக்குப் பின்னால் போட்டான். டயபரை இறக்கினான். குந்தினான். அப்பனும் மகனும் ஒரே சமயத்தில் முக்கினார்கள். ஜிப் நகர்ந்தது. இன்னொன்றும் நகர்ந்தது.

ரஷீது திரும்பினான். வாத்தைப் பார்த்தான், மகனைப் பார்த்தான். பிறகு கைதட்ட ஆரம்பித்தவன், நிறுத்தத் தெரியாதவன்போலத் தட்டினான். "மரியம்! மரியம், பாரு! கண்ணால பாரு!" கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கூச்சலில் ஐரீனம்மா மேலே ஓடி வந்துவிட்டார்.

அஃப்ரித் வாத்து மேல் உட்கார்ந்தபடியே ஒவ்வொருவராகப் பார்த்தான். வேலை முடிந்ததும் செய்ய வேண்டிய கடைசிக் காரியம் ஒன்று பாக்கி இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, அப்பன் முகத்தைப் பார்த்தே சொன்னான்:

"அத்தாகித்த சொல்லாத."

ஐரீனம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. மரியம் தரையைப் பார்த்தாள். ரஷீது கைதட்டிக்கொண்டேதான் இருந்தான். பிறகு மகனைக் கழுவக்கூட விடாமல் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பெட்டியைத் திறந்து இன்னொரு சட்டை எடுக்க வேண்டியதாயிற்று.

8

முடிவு, முதல் வகை: ரஷீதுக்குக் கேட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு வண்டி ஏறும்போது குனிந்து, "எத்தினி வாட்டி?" என்று கேட்கிறான். "மூணு," என்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எழுத நன்றாக இருந்தது. ஆனால் வண்டி ஏறும்போது அவன் கேட்டதெல்லாம் சார்ஜர் எங்கே என்றுதான்.

இரண்டாம் வகை: அவனுக்குக் கேட்கவே இல்லை. இப்படி முடித்தால் எனக்கு நிம்மதி. ஆனால் எஞ்சினின் ஆயிரம் சத்தத்துக்கு நடுவே ஒரு போல்ட் தளர்ந்தால் கண்டுபிடிக்கிறவனின் காது அது.

நடந்தது இதுதான். ஜூன் மாதம் மரியமும் ஐரீனம்மாவும் அஃப்ரித்தைப் பக்கத்துத் தெரு ப்ளே ஸ்கூலில் சேர்க்கப் போனார்கள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'குழந்தை தானாகக் கழிப்பறைக்குச் செல்லத் தொடங்கிய நாள்.' மரியம் எதை எழுதியிருந்தாலும் டீச்சர் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் அவள் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போன் போட்டாள். நேரே சொல்ல வாய் வராதவள், கேட்டாவது பார்க்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இன்னா நாளுன்னு போடட்டும்?"

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம். அதற்கு மேலாகக் குரலை உயர்த்தி ரஷீது ஒரு கிழமையைச் சொன்னான். தடுமாறாமல் சொன்னான்.

செவ்வாய் என்று சொல்லியிருந்தால், பாரிமுனையிலிருந்து வந்த அன்றே வாத்து ஈரமாகக் கவிழ்ந்து கிடந்ததை அவன் கவனித்திருக்கிறான். வீடு திரும்பும்போதெல்லாம் தெரிந்தேதான் "குந்தினானா?" என்று கேட்டிருக்கிறான். சனி என்று சொல்லியிருந்தால், ஒன்று அவனுக்கு எதுவும் தெரியாது. அல்லது எல்லாம் தெரிந்தும், அவள் எடுத்து வைத்ததை அப்படியே வாங்கிக்கொண்டான்.

மரியம் போனை வைத்துவிட்டுச் சிரித்தாளாம். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். (இதில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க எனக்கு மனமில்லை.) பிறகு எழுதினாள். எந்தக் கிழமை என்று ஐரீனம்மா என்னிடம் சொன்னார். நான் அதை இங்கே எழுதினேன், எடுத்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி எடுத்தேன்.

கடைசியில் இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன். ரஷீதை உங்களுக்கு இப்போது என் அளவுக்குத் தெரியும்.

முதலில் குந்திய நாள்: .................... கிழமை.

நிரப்புங்கள். ஒன்று மட்டும்: அடித்தல் திருத்தல் கூடாது என்று படிவத்தின் கீழே போட்டிருக்கிறது.