இடது முன்சக்கரம்

தம்பி கிளாட்சனின் காரை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி வைத்திருந்தோம். சனிக்கிழமை கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் அவனுக்கு முதல் ஓட்டம். போன வருடமே பெயர் கொடுத்து இப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. அக்கா சரியென்று சொன்னால்தான் போவேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தான். பிரேக் பாகங்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் ஓசூரில் எனக்கு வேலை. லீவில் ஊருக்கு வந்தாலும் அதே வேலை.

வலது பிரேக் டிஸ்கில் குறையில்லை. துளைத் துளையாகப் போட்ட பளபளப்பான ரகம். கிறிஸ்துமஸ் சமயத்தில் மாட்டியது. இடது டிஸ்கைத் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு துளையில் கிளம்பிய கோடு அடுத்த துளையைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து விளிம்பு வரை போயிருந்தது. கடல் பக்கத்தில் வந்ததும் காவிரி பிரிவது போல. நகத்தை வைத்து இழுத்தேன். நகம் மாட்டியது.

"மயிரிழைக் கோடுதானக்கா? சூடானா எல்லா டிஸ்க்லயும் வரும்."

"துளையோட நின்னா சரி. இது விளிம்புக்குப் போயிருச்சுடா. டிராக்ல அழுத்தி மிதிச்சா ரெண்டா பொளந்துக்கும்."

"மூணே ரவுண்டுதான்."

"மூணாவது ரவுண்டுல எங்க போய் நிப்ப? ஆஸ்பத்திரி வாசல்லயா?"

கிளாட்சன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். புது டிஸ்க் வரப் பத்து நாள் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். நான் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்தால் இரண்டு சக்கரமும்தான் சூடாகும். இதில் மட்டும் ஏன்?

ஞாயிறு காலையில், பூசைக்கு முன்னால், இன்னும் திறக்காத பைபாஸில் போய் ஓட்டிப் பழகுவான். வந்ததும் காரை எப்போதும் இங்கே, வலப்பக்கம் சுவரை ஒட்ட நிறுத்தி, இடது கதவு வழியாக இறங்குவான்; இன்று வேலைக்காகத்தான் தள்ளி நிறுத்தியிருந்தோம். இடது சக்கரம் நிற்கும் இடத்தில் சிமெண்டுத் தரையில் பாசி பிடித்திருந்தது. பக்கத்தில் குழாய். குழாயடியில் வாளி.

"அம்மா, இங்க யாரு தண்ணி ஊத்துறது?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான்தான். வண்டி வந்து நின்னா அந்தச் சக்கரத்துல அனல் அடிக்குது, கிட்ட போக முடியல. பாவமேன்னு ரெண்டு வாளி ஊத்துவேன். புஸ்ஸுன்னு அடங்கிரும்."

"அந்தப் பக்கச் சக்கரத்துக்கு?"

"அங்கதான் செவுரு இருக்கே. நான் எப்படிடி பூந்து போறது?"

கிளாட்சன் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துச் சிரித்தான்.

"கொதிக்கிற இரும்பும்மா. பச்சத்தண்ணி ஊத்தி ஊத்தி விரிசல் விட்டிருச்சு" என்றேன்.

அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. "அப்ப எம்புள்ள போட்டிக்குப் போறத நாந்தான் கெடுத்தேனா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். களத்தில் காற்று தார்ப்பாயைத் தூக்கி அடித்தது. கொள்முதலுக்குக் காத்திருக்கும் நெல் அதனடியில் குவிந்து கிடந்தது. அம்மா ஓடிப் போய் மூலையை இழுத்து, வட்டமான ஓர் இரும்பை அதன்மேல் நகர்த்தி வைத்தாள்.

"அது என்னம்மா?"

"இவன் கழட்டிப் போட்டதுதான். ரெண்டு கெடந்துச்சு. நல்ல கனம்."

காரோடு வந்த பழைய டிஸ்குகள். இரண்டையும் வேப்பங்கிளையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினேன். முதலாவது கோயில் மணி போல நீண்டு ஒலித்தது. அம்மா தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டாவதும் அப்படியே. விரிசல் விட்டதையும் கட்டித் தட்டிப் பார்த்தேன். டொக் என்று அடங்கிவிட்டது.

பழையவற்றின் மேலெல்லாம் துரு. ஆனால் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தபோது, லேத்தில் ஒரு சீவு சீவினாலும் கனம் மிச்சமிருக்கும் என்று தெரிந்தது.

"பாக்க தோசைக்கல்லு மாதிரி இருக்கேக்கா."

"வண்டி நிக்கும்ல? அது போதும். பஞ்சநதம் லேத்துப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போ."

"அப்ப நெல்லுக்கு?" என்றாள் அம்மா. துளை போட்ட டிஸ்குகளைக் கிளாட்சன் தூக்கிக் கொடுத்தான். வாங்கிப் பார்த்தாள். "இதுவும் கனமாத்தான் இருக்கு. ஓட்டை ஓட்டையா லட்சணமாவும் இருக்கு."

வியாழக்கிழமை சீவி வந்த டிஸ்குகளையும் புதுப் பிரேக் பேடுகளையும் மாட்டி, பைபாஸில் பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பழக்கிவிட்டுத் திரும்பினோம். சக்கரத்தில் அனல். வாளியோடு வந்த அம்மா பாதியில் நின்றாள்.

"எப்ப ஊத்தலாம்?"

"ஊத்தவே வேணாம்மா. தானா ஆறும்."

வாளியை வைத்துவிட்டு உள்ளே போய் முறத்தை எடுத்து வந்தாள். "விசிறுனா தப்பில்லையே?"

"தப்பில்ல."

குனிந்து விசிறினாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, சுவரைப் பார்த்தாள். கிளாட்சன் காரில் ஏறி, அதைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினான். அம்மா அந்தப் பக்கம் போனாள்.

ஆறியதும் சக்கரங்களைக் கழற்றி டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு டிஸ்கிலும் நகம் எங்கேயும் மாட்டவில்லை.

"போய்ட்டு வா" என்றேன்.