தள்ளிய ஆயிரத்து எண்பத்தேழு

எனக்குக் கண்ணெதிரே வேண்டாதது எதுவும் கிடக்கக் கூடாது. காலி பாட்டில், பழைய ரசீது, கணினியில் உபயோகமற்ற கோப்பு, எதுவானாலும் தூக்கி எறிந்தால்தான் நிம்மதியாக மூச்சு விட முடியும். இந்தப் பாழாய்ப்போன குணத்தால் மூன்று வருட உழைப்பை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அரை நிமிடத்தில் அழித்தேன்.

நானும் ரீமும் சூஸ் நகரில் மருந்தியல் ஆராய்ச்சி மாணவிகள். ஆலிவ் இலைச் சாறு சர்க்கரை நோய்க்கு உதவுகிறதா என்று உலகம் முழுக்க வந்த கட்டுரைகளைத் திரட்டி, சலித்து, முடிவு சொல்வது எங்கள் வேலை. கட்டுரைகளை அடுக்கி வைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு நூலகம். கிடைத்தவை ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. அவள் தனியாகவும் நான் தனியாகவும் ஒவ்வொன்றையும் படித்து, எடுப்பதா தள்ளுவதா என்று காரணத்தோடு அதிலேயே குறிப்பு ஒட்டினோம். தேறியவை ஐம்பத்தாறு. எழுதி ஒரு இதழுக்கும் அனுப்பியாயிற்று. அது அச்சானால்தான் எங்கள் இருவருக்கும் பட்டம்.

ரீமுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். நூலகம் என் பொறுப்பில். தள்ளிய ஆயிரத்து எண்பத்தேழும் அடைசலாக நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். குப்பைத்தொட்டியில் கிடப்பதும் பொறுக்காமல் அதையும் காலி செய்தேன். பெருமை தாங்கவில்லை. ரீமுக்குச் செய்தி அனுப்பினேன்: “நம்ம நூலகத்தைத் திறந்து பாருடி. எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்னு.” படித்துவிட்டாள் என்பதற்கு நீல நிறக் குறி வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து எங்கள் பேராசிரியை பெஸ்மா வந்தார்.

“இதழ்ல இருந்து கடிதம் வந்திருக்கும்மா. கிட்டத்தட்ட ஏத்துக்கிட்ட மாதிரிதான். தள்ளின கட்டுரைகளோட பட்டியலும், ஒவ்வொண்ணுக்கும் காரணமும் கேக்கறாங்க. நாளைக்குள்ள அனுப்பிடு.”

“தள்ளினதா மேடம்? அது எதுக்கு அவங்களுக்கு?”

“என்ன கேள்வி இது. எதைத் தள்ளினோம்னு காட்டினாத்தானே எடுத்ததை நம்புவாங்க. ஏன், முகம் ஏன் இப்படிப் போச்சு?”

“ஒண்ணுமில்ல மேடம். சாப்பிடலை.”

பொய். காரணங்களெல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் இருந்தன, வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. திரும்பப் படித்துக் காரணம் எழுத இன்னும் ஒரு வருடமாகும். பொது நூலகம் என்பதால் நான் நீக்கியது இணையப் பிரதியிலும் அழிந்திருக்கும், எந்தக் கணினியில் திறந்தாலும் அங்கேயும் அழிந்துவிடும்.

திறந்தால்தானே.

ரீம் தன் மடிக்கணினியில் நூலகத்தைத் திறந்து வாரக்கணக்காகிறது. அதில் பழைய நூலகம் அப்படியே இருக்கும். இணையம் தொடாதவரை. ஆனால் திறந்து பார் என்று நானே வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்திருக்கிறேன்.

“திறக்காதே” என்று அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. பத்து முறை கூப்பிட்டேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு, ஊர்களுக்கு ஆள் சேர்த்து ஓட்டும் லுவாஜ் வண்டிகளின் நிலையத்துக்கு ஓடினேன்.

அவள் வீடு பக்கத்து ஊரான ம்சாக்கனில். லுவாஜ் வண்டியில் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஓட்டுநர் சாவியைத் தொடுவார். ஆறு பேர் இருந்தோம்.

“அண்ணே, அந்த ரெண்டு இடமும் எனக்கே. எடுங்க வண்டிய.”

“மூணு இடத்துல உக்காந்து என்னம்மா பண்ணப் போறே?”

“படுத்துக்கறேன். எடுங்க.”

பின்னால் இருந்த ஒருவர், “பாவம், வீட்ல ஏதோ துக்கம் போல” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை.

கதவைத் திறந்தது ரீமின் கணவர் ஹமாதி. ரொட்டிக் கடைக்காரர், சட்டையெல்லாம் மாவு. “வா வா, முதல்ல ஸ்ரிர் சாப்பிடு” என்று எள்ளும் பாதாமும் நெய்யும் குழைத்த பிரசவ விருந்துக் கிண்ணத்தை நீட்டினார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ரீம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் குழந்தை தூங்கியது. மடியில் கணினி, திறந்து. திரையில் நூலகம். ஓரத்தில் இணையப் பிரதியோடு ஒத்திசைக்கும் அம்புக்குறி சுற்றிக்கொண்டிருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“என்னடி இது, பேய் அடிச்ச மாதிரி? உன் சுத்தத்தைப் பாக்கலாம்னு திறந்தேன். அரை மணி நேரமா சுத்துது, ஒண்ணும் வரலை. எப்படி வரும்? வீட்ல நெட் இருந்தாத்தானே. அதோ நிக்கறாரு பாரு ஒரு மகராசன், அவர்கிட்ட கேளு.”

“நாப்பது நாள் அவ படுத்து எந்திரிக்கணும்” என்றார் ஹமாதி வாசற்படியிலிருந்து. “மூணாம் நாளே கட்டுரை, இதழ்னு உக்காந்துட்டா. அதான் ரௌட்டரைக் கழட்டிக் கடையில மாவு மூட்டைக்குப் பின்னால வச்சிட்டேன்.”

“அன்னையில இருந்து இவரோட நான் பேசறதில்ல” என்றாள் ரீம். “போன்ல சார்ஜ் செத்துப் போச்சு, போட்டிருக்கேன். உயிர் வந்ததும் அதுல இருந்து நெட் எடுத்து...”

சுவரோரம் அந்தப் போன் திரை வெளிச்சம் பெற்று விழித்துக்கொண்டிருந்தது. பாய்ந்து பிடுங்கி ஹமாதியின் கையில் திணித்தேன். “அண்ணே, இதையும் மாவு மூட்டைக்குப் பின்னால வைங்க.”

பிறகு இணைப்பை அணைத்தேன். எண்ணிக்கையைப் பார்த்தேன்: ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. அவள் குறிப்பு, என் குறிப்பு, ஒவ்வொரு காரணமும் இருந்தது. கொண்டு வந்திருந்த பென் டிரைவில் ஒரு பிரதி, ரீமின் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன். நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் இறங்கியது. அதன்பின்தான் நடந்ததை முழுதாகச் சொன்னேன், அழுதுகொண்டே.

ரீம் என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “குப்பைத்தொட்டியையுமா காலி பண்ணே? ஏன்டி, உன்னை நம்பி என் பிள்ளையைக் கையில கொடுக்கலாமா? அழுக்கா இருக்குன்னு எங்கயாவது போட்டுடுவியே.”

ஸ்ரிர் கிண்ணம் என் முன்னால் வந்தது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. எதிரே நின்ற ஹமாதிக்கு நாங்கள் எதற்கு அழுது எதற்குச் சிரிக்கிறோம் என்பது பாதிகூடப் புரியவில்லை. ஆனால் தன்னால் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று மட்டும் பிடிபட்டது.

அவர் தொண்டையைச் செருமினார். “சரி, வேலை இருக்குன்னா சொல்லுங்க. போய் ரௌட்டரை எடுத்துட்டு வந்துடறேன்.”

“வேண்டாம்” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். குழந்தை விழித்துக்கொண்டது.

அவர் மனைவியைப் பார்த்தார். “அதுக்காகத்தானே இத்தனை நாளா என்கிட்ட பேசலை?”

ரீம் குழந்தையை எடுத்து அவரிடம் நீட்டினாள். “நாப்பது நாள் ஆகட்டும், ஹமாதி” என்றாள். “இப்ப இவனைப் பிடி. நான் கொஞ்சம் படுக்கறேன்.”